கோணமலைக் கோட்டை யாருக்குக் காவல்?

கிரேக்க நாட்டுச் சுற்றுலாப் படங்களில் அடிக்கடி வரும் காட்சி ஒன்று உண்டு. நீலக் கடல், கரையோரம் ஓட்டு வீடுகள் நெருங்கிய பழைய ஊர், அதற்கு மேலே குன்றின் உச்சியில் ஒரு கோட்டை. நாஃப்பிலியோ என்ற ஊர் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அப்படி ஒரு ஊரைப் பார்க்க ஏதென்ஸ் வரை விமானம் ஏற வேண்டியதில்லை. தமிழ் பேசும் கடற்கரை ஊர், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைக் குன்று, அதன்மேல் நானூறு ஆண்டுப் பழமையான கோட்டை என்று அத்தனையும் இலங்கையின் கிழக்குக் கரையில், திருகோணமலையில் இருக்கிறது. நம் ஊரிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் கோணேசுவரரைத் தரிசிக்கப் போகிறார்கள். கோட்டை வாசல் அவர்களுக்குக் கோயிலுக்குப் போகும் வழியில் வரும் ஒரு வளைவு, அவ்வளவுதான். நின்று பார்க்கிற சிலரும், எவ்வளவு உறுதியான அரண் என்று வியந்துவிட்டுப் போகிறார்கள். அந்த வியப்பு தவறான இடத்தில் விழுகிறது என்பது என் கருத்து. பிரெடரிக் கோட்டை என்ற இந்த அரணின் வரலாற்றைப் புரட்டினால், தன்னைவிடப் பெரிய கப்பற்படை வந்து நின்றபோதெல்லாம் அது கைமாறியிருக்கிறது. இந்தக் கோட்டையைப் புரிந்துகொள்ள மதிலை அளந்தால் போதாது, கீழே இருக்கும் துறைமுகத்தைப் பார்க்க வேண்டும். அந்தத் துறைமுகத்தின் அருமை புரிய வேண்டுமானால், துறைமுகமே இல்லாமல் கிடந்த நம் சோழமண்டலக் கரையைப் பார்க்க வேண்டும்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். நகரத்திலிருந்து கடலுக்குள் ஒரு நிலக்கழுத்து நீள்கிறது. அதன் இருபுறமும் இரண்டு குடாக்கள். கழுத்தின் அடியில், நிலத்தைக் குறுக்கே வெட்டியதுபோலக் கோட்டை மதில். வாசலுக்குள் நுழைந்தால் மரநிழலில் சாலை மேலேறுகிறது. புள்ளிமான்கள் ஆள் பயமில்லாமல் மேய்கின்றன. ஏற்றம் முடியும் இடத்தில், கடலுக்குள் செங்குத்தாக இறங்கும் பாறை. ஊர்க்காரர்கள் சுவாமிமலை என்பார்கள். இராவணன் வெட்டு என்று சொல்லப்படும் பிளவு அங்கேதான். மூன்று பக்கம் கடல், ஒரு பக்கம் மதில். தரைவழி வருகிற எதிரிக்கு இதைவிடக் கடினமான இடம் கிடைக்காது. ஆனால் உச்சியில் நின்று பார்த்தால் ஒன்று உறைக்கும். உலகப் புகழ்பெற்ற அந்த இயற்கைத் துறைமுகம் கோட்டைக்கு நேர் கீழே இல்லை. அது தென்மேற்கே, மலைகளுக்குப் பின்னால், கொட்டியாற்றுக்குடாவிலிருந்து உள்ளே திரும்பும் குறுகிய வாயிலுக்குள் ஒளிந்திருக்கிறது. அந்த வாயிலைக் காக்க டச்சுக்காரர்கள் தனியாக ஆஸ்டன்பர்க் என்ற இன்னொரு கோட்டையைக் கட்ட வேண்டியிருந்தது. பிரெடரிக் கோட்டை பார்த்துக்கொண்டிருப்பது திறந்த இரண்டு குடாக்களை மட்டும். காவல்காரன் ஒரு வாசலில் நிற்க, பெட்டகம் வேறு அறையில் இருக்கிற கதை இது.

இனி நம் கரைக்கு வருவோம். கன்னியாகுமரிக்கு வடக்கே, இந்தியாவின் கிழக்குக் கரை நெடுகப் பாய்க்கப்பல் காலத்தில் புயலுக்கு ஒதுங்க ஆழமான, மூடிய துறைமுகம் ஒன்றுகூட இல்லை. சென்னையில் கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலாப் படகில்தான் அலையைத் தாண்டி வர வேண்டும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகு அது. பலகை வளைந்து கொடுப்பதால்தான் அலையில் உடையாது. ஐப்பசி பிறந்து வாடைக்காற்று திரும்பிவிட்டால் அந்த நங்கூரமும் தாங்காது. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே கடல்வழி வந்து செயின்ட் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார். ஆங்கிலேயரால் அவரைத் துரத்த முடியவில்லை. மூன்று வாரம் கழித்து, அக்டோபர் 13 இரவில் அடித்த புயல் அவருடைய கப்பற்படையைச் சிதைத்துப் போட்டது. சென்னையில் முறையான துறைமுகம் கட்டத் தொடங்கியதே 1870களின் நடுவில்தான். அதையும் 1881 நவம்பர்ப் புயல் உடைத்தது. இப்படிப்பட்ட கரையில் கொடிமரமும் பாய்மரமும் முறிந்த கப்பல் எங்கே போகும்? ஆங்கிலேய மாலுமி ராபர்ட் நாக்ஸின் கதை பதில் சொல்கிறது. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துக்கு அருகே புயலில் அவர் தந்தையின் கப்பல் பெரிய பாய்மரத்தை இழந்தது. செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி ஏஜெண்டு, கொட்டியாற்றுக்குப் போய்ப் புது மரம் நிறுத்திக்கொள்ளச் சொல்லி அனுப்பினார். போன இடத்தில் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். நாக்ஸ் ஏறத்தாழ இருபது ஆண்டு சிறைக்காவலில் இருந்து, 1679இல் தப்பி, 1681இல் இலங்கையைப் பற்றிய தன் நூலை வெளியிட்டார். ஒரு மரம் மாற்றச் சென்னையிலிருந்து திருகோணமலைக் கடலுக்குப் போக வேண்டியிருந்தது என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி.

குன்றின்மேல் மதில் எழுந்த கதையிலும் நம் கரையின் தொடர்பு உண்டு. 1620இல் டென்மார்க்கிலிருந்து ஓவ் கியெட்டே தலைமையில் வந்த கப்பல்கள் முதலில் நங்கூரமிட்டது இலங்கையில்தான். கண்டி அரசனுடன் பேசி, திருகோணமலையில் கால் ஊன்றப் பார்த்தார்கள். அது கைகூடவில்லை. அதே ஆண்டு தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்றார்கள். அங்கே கடற்கரையில் இன்றும் நிற்கும் டேனிஷ் கோட்டையின் பிறப்பு அப்படித்தான். ஆனால் ஐரோப்பிய எதிரி ஒருவன் திருகோணமலையில் நின்றுவிட்டுப் போனதே போர்த்துக்கீசியருக்குப் போதுமான அச்சமாயிற்று. 1620களின் தொடக்கத்தில், தளபதி கொன்ஸ்தந்தீனு த சா ஆட்சியில், குன்றின்மேல் இருந்த கோணேசுவரம் இடிக்கப்பட்டது. 1622ஆம் ஆண்டுச் சித்திரைப் புத்தாண்டன்று, சுவாமி ஊர்வலம் போயிருந்த நேரத்தில் நடந்தது என்பது வழிவழிச் செய்தி. கோயிலின் கற்களைக் கொண்டே 1624இல் முக்கோண வடிவில் கோட்டை எழுந்தது. இன்றும் வாசலில் பதித்த கல்லில் பாண்டியரின் இரட்டைக் கயல் சின்னத்தையும் சிதைந்த தமிழ் எழுத்துகளையும் பார்க்கலாம். கோயிலைக் கட்டியதாகச் சொல்லப்படும் குளக்கோட்டனோடும், பரங்கியர் அதை அழிப்பார்கள் என்ற முன்னறிவிப்போடும் அதை இணைத்துப் பேசுவார்கள். யாத்திரை போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டியது அந்தக் கல்லைத்தான்.

இவ்வளவு விலை கொடுத்துக் கட்டிய அரண் பதினைந்து ஆண்டுதான் போர்த்துக்கீசியர் கையில் இருந்தது. 1639இல் கண்டி மன்னனுடன் கூட்டுச் சேர்ந்த டச்சுக்காரர்கள் கப்பலில் வந்து அதைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு அவர்களே கைவிட்டு, 1660களில் மற்ற ஐரோப்பியர் வந்துவிடுவார்கள் என்ற பயத்தில் திரும்பி வந்து கட்டினார்கள். பயந்தபடியே 1672இல் பிரெஞ்சுத் தளபதி தெ லா ஹே ஒரு பெரிய கப்பல் கூட்டத்துடன் குடாவுக்குள் நுழைந்தார். டச்சுக்காரர்கள் அதைவிடப் பெரிய படையைக் கொண்டுவந்ததும் அவர் பாய் விரித்துக் கிளம்பிவிட்டார். எங்கே போனார் தெரியுமா? நம் மயிலாப்பூருக்கு. அப்போது கோல்கொண்டா சுல்தானின் கையில் இருந்த சாந்தோமை 1672 ஜூலையில் பிடித்தார். கோல்கொண்டாப் படை தரையிலும் டச்சுக்காரர் கடலிலும் வளைத்துக்கொள்ள, 1674 செப்டம்பர் வரை பட்டினியோடு தாக்குப்பிடித்துச் சரணடைந்தார். திருகோணமலையில் அவர் விட்டுவந்த ஆட்கள் ஏற்கெனவே டச்சுக்காரர் கையில். சாந்தோமுக்கும் கோணமலைக்கும் ஒரே பாடம்தான். கடலில் ஆதரவு போனபின் மதில் சரணடையும் தேதியைத் தள்ளிப்போடும், அவ்வளவே.

இந்த வாதத்துக்கு முழுச் சான்றாக ஒரே ஓர் ஆண்டு போதும். அது 1782. அமெரிக்க விடுதலைப் போரில் பிரான்சும் பிறகு ஹாலந்தும் ஆங்கிலேயருக்கு எதிராக இறங்கியதால் சண்டை நம் கடலுக்கும் வந்துவிட்டது. கரையில் ஹைதர் அலி ஆர்க்காட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு ஆங்கிலேயரை நெருக்கிக்கொண்டிருந்தார். ஆங்கிலேயர் 1781இல் சதுரங்கப்பட்டினத்தின் டச்சுக் கோட்டையையும் நவம்பரில் நாகப்பட்டினத்தையும் பிடித்தார்கள். அதே வேகத்தில் அட்மிரல் எட்வர்ட் ஹியூஸ் திருகோணமலைக்குப் போனார். 1782 ஜனவரி 5ஆம் தேதி குன்றுக் கோட்டை ஏறத்தாழச் சண்டையில்லாமலே விழுந்தது. துறைமுக வாயிலைக் காத்த ஆஸ்டன்பர்க்தான் 11ஆம் தேதி வரை நின்றது. அடுத்த மாதம் பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரென் சென்னைக்கு எதிரே வந்து எட்டிப் பார்த்தார். ஹியூஸின் கப்பல்கள் செயின்ட் ஜார்ஜ் கோட்டைப் பீரங்கிகளின் நிழலில் நிற்பதைக் கண்டு தெற்கே நகர்ந்தார். பிப்ரவரி 17இல் சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால் இருவரும் மோதினார்கள். சென்னையில் இருப்பவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே ஒரு காலைப் பொழுதில் போய்த் திரும்பக்கூடிய இடம் அது. கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குப் பக்கத்தில் இடிந்து கிடக்கும் டச்சுக் கோட்டையைப் பார்க்கிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கடற்போர் தெரியும்? வெற்றி தோல்வி இல்லாமல் அது முடிந்தது. ஏப்ரலில் இலங்கைக் கரைக்கு அப்பால், ஜூலையில் நாகப்பட்டினத்துக்கு எதிரே என்று இன்னும் இரண்டு முறை மோதினார்கள். அவையும் தீர்மானமாக முடியவில்லை.

அதற்குப் பிறகு சுஃப்ரென் செய்ததுதான் கெட்டிக்காரத்தனம். ஹியூஸ் சென்னையில் கப்பல்களைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து, ஆகஸ்டு 25ஆம் தேதி திருகோணமலைக்கு வந்து நங்கூரமிட்டார். படையைக் கரையிறக்கி, பீரங்கி மேடை அமைத்து, 29ஆம் தேதி சுடத் தொடங்கினார். 30ஆம் தேதி குன்றுக் கோட்டை சரணடைந்தது, மறுநாள் ஆஸ்டன்பர்க். சுஃப்ரென் தாராளமான நிபந்தனை கொடுத்தார், காவற்படையைச் சென்னைக்கு அனுப்பிவைக்கவும் ஒப்புக்கொண்டார். நீண்ட முற்றுகை நடத்த அவருக்கு நேரமில்லை. ஹியூஸ் எந்த நாளும் வந்துவிடலாம் என்பது அவருக்குத் தெரியும். வரவும் வந்தார். செப்டம்பர் 3 காலையில் ஹியூஸ் பார்த்தபோது இரண்டு கோட்டைகளிலும் பிரெஞ்சுக் கொடி. அன்றே நடந்த கடற்போரும் முடிவில்லாமல் போயிற்று. ஆனால் ஐப்பசி நெருங்கிவிட்டது. திருகோணமலை கையில் இல்லாத ஹியூஸ், உடைந்த கப்பல்களோடு இலங்கையைச் சுற்றிக்கொண்டு பம்பாய் வரை போக நேர்ந்தது. எட்டு மாதத்துக்குள் ஒரே கோட்டை இரண்டு முறை கைமாறியது. இரண்டு முறையும் மதில் இடிந்து விழவில்லை. உதவிக்கு வரவேண்டிய கப்பல் வருவதற்கு முன் எதிரியின் கப்பல் வந்துவிட்டது, அதுதான் நடந்தது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. போருக்குப் பின் மறுபடி டச்சுக்காரர் கைக்குப் போயிருந்த திருகோணமலையை, 1795 ஆகஸ்டில், சென்னையிலிருந்து கிளம்பிய ஆங்கிலப் படை மீண்டும் பிடித்தது. அந்த முறை டச்சுக்காரர் மூன்று வாரம் நின்றார்கள். பிறகு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு அந்தக் கோட்டையை எவரும் தொடவில்லை. யார்க் கோமகன் பிரெடரிக்கின் பெயரை 1803இல் சூட்டி, ஆங்கிலேயர் அங்கேயே அமர்ந்துவிட்டார்கள். அப்படியானால் கோட்டை பயன்பட்டது என்றுதானே பொருள்? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த நூற்றைம்பது ஆண்டும் இந்துமாக்கடலில் ஆங்கிலக் கடற்படைக்கு எதிராக நிற்க எவரும் இல்லை. கோட்டை சோதிக்கப்படவே இல்லை. சோதனை வந்தபோது அது வானத்திலிருந்து வந்தது. 1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மேல் குண்டு போட்டன. தாக்குதல் வரப்போகிறது என்ற தகவலால் முந்தின இரவே துறைமுகத்தை விட்டு அனுப்பப்பட்ட விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ், அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. உலகின் மிகப் பாதுகாப்பான துறைமுகம் என்று பேர் வாங்கிய இடத்திலிருந்து கப்பலை வெளியே அனுப்புவதுதான் பாதுகாப்பு என்று தளபதிகள் நினைத்தார்கள். வெளியேயும் அது பிழைக்கவில்லை.

கடலிலிருந்து வருகிறவனைத் தடுக்காது என்றால் மலைமேல் கோட்டை எதற்கு? கப்பல் இல்லாதவர்களைத் தடுப்பதற்கு. கண்டி அரசர்களிடம் பெரிய படை இருந்தது, காடும் மலையும் அவர்கள் பக்கம் இருந்தன. ஆனால் கடலில் கப்பல் இல்லை. ஐரோப்பியர் ஒருவரை வைத்து இன்னொருவரை விரட்டுவதுதான் அவர்களுக்கு இருந்த வழி. சின்னஞ்சிறு காவற்படை ஒன்று, உள்நாட்டு அரசனுக்கு அஞ்சாமல் கிடங்கையும் சுங்கத்தையும் காத்துக்கொண்டு அடுத்த கப்பல் வரும்வரை உயிரோடு இருக்க வேண்டும். பிரெடரிக் கோட்டையின் உண்மையான வேலை அதுதான். மதில் ஊரைப் பார்த்து எழுப்பப்பட்டிருப்பதே அதற்குச் சாட்சி. நாஃப்பிலியோவிலும் கதை வேறல்ல. 216 மீட்டர் உயரத்தில் நிற்கும் பலமீடி கோட்டையை வெனிஸ்காரர்கள் 1711 முதல் 1714 வரை, எட்டுக் கொத்தளங்களோடு, அன்றைய பொறியியலின் உச்சமாகக் கட்டினார்கள். மறு ஆண்டே துருக்கியர் அதைப் பிடித்துவிட்டார்கள். வந்தது கடல்வழியாக அல்ல, பெருந்தரைப்படை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1822இல் கிரேக்கர் அதைத் துருக்கியரிடமிருந்து மீட்டது பட்டினியால்தான். உதவிக்கு வந்த துருக்கிக் கப்பற்படை துறைக்குள் நுழையாமல் திரும்பிப்போன பிறகு, உள்ளே சாப்பிட ஒன்றும் இல்லாத நிலையில், நவம்பர் இறுதியில் ஓர் இரவில் சிறு படையொன்று மதில் ஏறியது. அங்கே மேலே போக 999 படி என்று பெருமையாகச் சொல்வார்கள். எண்ணிப் பார்த்தவர்கள் அதற்குக் குறைவு என்கிறார்கள். கோட்டைகளைப் பற்றிய பெருமைகள் பொதுவாகவே அப்படித்தான்.

கனமான இன்னொரு மறுப்பு, பக்தர்கள் தரப்பிலிருந்து வரும். இந்தக் குன்று முதலில் கோயில். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம். அதைப் போர்த்துக்கீசியன், டச்சுக்காரன், வெள்ளைக்காரன் கணக்கில் எழுதலாமா? எழுதித்தான் ஆக வேண்டும் என்பேன், ஏனென்றால் கோயிலுக்கு நேர்ந்ததே துறைமுகத்தால்தான். கடலோடிகளுக்கு அடையாளமாகவும், வணிகர்கள் வந்துபோகும் தலமாகவும் அந்தக் குன்றை உயர்த்திய அதே இடச்சிறப்புதான், பீரங்கி வந்த காலத்தில் அதை இடிக்கவும் வைத்தது. உள்நாட்டில் எங்கோ வயல் நடுவே இருந்திருந்தால் அந்தக் கோயில் தப்பியிருக்கலாம். அதேபோல் கோட்டை ஆயிற்றே என்று வழிபாடும் நின்றுவிடவில்லை. 1950இல் நகரத்தில் கிணறு தோண்டியபோது சோமாஸ்கந்தர் உள்ளிட்ட வெண்கலத் திருமேனிகள் கிடைத்தன. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் பாறையடியில் கடலுக்குள் மூழ்கிப் பார்த்தபோது செதுக்கிய தூண்களும் கற்களும் தென்பட்டன. 1963இல் கோட்டைக்குள்ளேயே புதுக் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. படையிருப்பின் நடுவே சாமி கும்பிடப் போகிற அந்த விசித்திரமான ஏற்பாடு இன்றும் தொடர்கிறது.

துறைமுகத்தின் மவுசும் குறையவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகும் ஆங்கிலக் கடற்படை 1957 வரை அங்கே இருந்தது. 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிக்கொண்ட கடிதங்களில், இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் படைப் பயன்பாட்டுக்கும் திருகோணமலையைத் தரக்கூடாது என்ற வாசகமும், அங்கிருக்கும் எண்ணெய்த் தொட்டிகளைக் கூட்டாகச் சீரமைக்கும் பேச்சும் இடம்பெற்றன. இரண்டாம் உலகப் போரை ஒட்டிக் கட்டிய அந்த 99 தொட்டிகளைப் பற்றி 2022 ஜனவரியிலும் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஹியூஸும் சுஃப்ரெனும் அடித்துக்கொண்ட அதே தண்ணீரைப் பற்றித்தான் இன்றைய அதிகாரிகளும் மேசையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். குன்றுக் கோட்டையைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

போகிறவர்களுக்குச் சில செய்திகள். யாழ்ப்பாணம் வரை விமானத்திலோ, நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக் கப்பலிலோ போய், வவுனியா, ஹொரவபொத்தானை வழியாகச் சாலையில் இறங்கலாம். கிளம்பும் முன் கப்பல் ஓடுகிறதா என்று விசாரித்துக்கொள்வது நல்லது, வாடைக்காற்று இன்றைக்கும் பயண அட்டவணையைத் திருத்தும். கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருப்பது சித்திரை முதல் புரட்டாசி தொடக்கம் வரை. ஆஸ்டன்பர்க் கடற்படையின் எல்லைக்குள் இருப்பதால் நினைத்தவுடன் நுழைய முடியாது. பிரெடரிக் கோட்டையில் இராணுவம் இருந்தாலும் கோயிலுக்குப் போகும் சாலை திறந்திருக்கிறது. வாசல் கல்லைப் பார்த்துவிட்டு, கோயிலில் கும்பிட்டுவிட்டு, அப்படியே ஊர் திரும்பிவிடாதீர்கள். உள்துறைமுகக் கரைக்கும் ஒரு நடை போய், அங்கிருந்து கிழக்கே திரும்பிக் குன்றைத் தேடிப் பாருங்கள். கோட்டைக்கும் துறைமுகத்துக்கும் நடுவே எவ்வளவு மலையும் ஊரும் கிடக்கிறது என்பது அங்கே நின்றால்தான் தெரியும்.